கொலாஷினுக்குத் தாலி கொண்டு போனது

பாரிஸின் லா சப்பலில், பால்கன் பக்கம் போக நினைக்கிற எவரும் இப்போது என்னிடம்தான் வழி கேட்கிறார்கள். ரூ து ஃபொபூர் சேன்-தெனி வீதியின் வடக்கு முனையில், பின்னேரங்களில் நான் தேநீர் குடிக்கும் கடையில், யாராவது கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்குவார்.

"மாஸ்ரர், பெல்கிராட்டிலை இருந்து கடலடிக்கு ரெயில் ஓடுதோ?"

"ஓடும். நம்பி இருக்கவும் ஏலாது, கைவிடவும் ஏலாது."

"வழி கேட்டால் மனுசன் விடுகதை போடுது."

பிறகு நான் விளக்கமாகச் சொல்வேன். ரயில் பிந்தும், ஆனால் ஏறவேண்டிய கடைசிக் கிழவியும் ஏறும்வரை நிற்கும். பேருந்து தரிப்பிடத்தில்தான் நிற்கும் என்றில்லை. நடுவழியில் கையைக் காட்டினாலும் நிற்கும். சாரதி இடையில் இறங்கி சூப் குடித்தால் கோபிக்கக் கூடாது. கடைக்காரர், தேநீரை ஆற்றியபடியே, அந்தப் பாலங்களையும் சுரங்கங்களையும் இன்னொருமுறை சொல்லச் சொல்வார். சொல்வேன். அந்தப் பயணத்தை நான் வென்றவன் என்ற பெருமை எனக்கு உண்டு. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அங்கே சொல்லாமல் விட்ட பகுதி ஒன்று இருக்கிறது. வயது போன நேரத்தில் அதை மடியில் கட்டிக்கொண்டு திரிய விருப்பமில்லை.

என் மகன் ஒரு மொண்டினீக்ரோப் பெண்ணை விரும்பினான். சேன்-தெனியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன். பாரிஸுக்கு வந்து சமையலறைகளில் பாத்திரம் கழுவினாலும், எங்கள் ஆட்களின் கல்யாணப் பேச்சுகளில் மாஸ்ரரின் வாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. வேறு வீடுகளில் இப்படியான பெண்கள் வந்தபோது, "விடாதேங்கோ" என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். இப்போது என் வீட்டுக்கே வந்துவிட்டது.

லெ பிளாங்-மெனிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு அவள் முதல்முறை வந்த நாளில், வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மகன் சொல்லிக்கொடுத்திருந்தபடி கையைக் கூப்பி, "வணக்கம் மாமா" என்றாள். உச்சரிப்புக்கூடச் சரியாக இருந்தது. நான் பிரெஞ்சில், "உங்களுக்கு நான் மெசியு" என்று சொல்லிவிட்டு, மேல்சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். போய் இதே தேநீர்க் கடையில்தான் இருந்தேன். அன்றிலிருந்து அவள் என்னை, முன்பின் தெரியாதவரை அழைப்பதுபோல், மெசியு என்றுதான் அழைத்தாள். ஒரு தடவைகூடத் தவறவில்லை. அந்த ஒழுங்கு என்னை அவமதிப்பதைவிட அதிகமாகக் குத்தியது.

என் மனைவி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் முறைப்படி செய்யத் தொடங்கினாள். அதுதான் அவளுடைய வழி. பெண்ணின் தகப்பனுக்கு இரண்டு முழங்காலும் இயங்காது, பயணம் செய்ய முடியாது. ஆகையால் கல்யாணத்தை அவருடைய ஊரிலேயே, கொலாஷின் என்ற மலைப்பட்டினத்தில் செய்வதென்று முடிவெடுத்தாள். பொன்னுருக்கு மட்டும் எங்கள் வீட்டில். தட்டார் வந்து தாலிக்குரிய பொன்னை உருக்கினார். ஊர் பார்க்கிறதே என்று நானும் வேட்டி கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

எங்கள் வழக்கத்தில் பொன்னுருக்கு முடிந்தால் மணவறை வரை மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. மகன் சிரித்தான்.

"அம்மா, நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பிளேனிலை போறம். கண்ணைக் கட்டிக்கொண்டு போறதோ?"

"நீ என்னோடையும் ஐயரோடையும் முதல்நாள் வா. அவ உன்ரை அப்பாவோடை அடுத்தநாள் வரட்டும்."

நான் தொண்டையைச் செருமினேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று மாலை ஒரு சிறிய பட்டுப்பையை என் கையில் வைத்தாள். உள்ளே தாலிக்கொடி. முறுக்குக் கொடி, நடுவில் தாலி, இரண்டு பக்கமும் பவுண் காசுகள். கையில் எடுத்தால் பாரம் தெரியும்.

"இதை நீதானே கொண்டு போகவேணும்?"

"இஞ்சேருங்கோ, இது என்ரை கையிலை இருந்தால் நீங்கள் வரமாட்டியள். உங்கடை கையிலை இருந்தால்தான் வருவியள்."

இப்படித்தான் நானும், நான் மருமகளாக ஏற்காத அந்தப் பெண்ணும், அவளுக்குக் கட்டவேண்டிய தாலியும் ஒரே விமானத்தில் ஏறினோம். தாலி என் உட்சட்டைப் பையில், ஊசி குத்தி இருந்தது.

பெல்கிராட்டில் இறங்கினோம். அங்கிருந்து மொண்டினீக்ரோவுக்கு எடுக்கவேண்டிய சிறிய விமானம் பழுதாகிவிட்டது. அடுத்தநாள் மத்தியானம் இடம் தரலாம் என்றார்கள். முகூர்த்தம் அடுத்தநாள் காலையில்.

இதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய முதல் விடயம். அந்தச் செய்தியைக் கேட்டதும் எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. பிந்தியது விமானம், தப்பியது முகூர்த்தம். தாலி இல்லாமல் ஐயர் என்ன செய்வார்? கல்யாணம் தள்ளிப்போகும். ஒருமுறை தள்ளிப்போனது பிறகு எத்தனையோ வழிகளில் போகலாம். நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "என்ன செய்வது, நாளைய இடத்தை எடுப்போம்" என்றேன்.

அவள் தொலைபேசியில் யாருடனோ தன் மொழியில் பேசிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டு, "இல்லை மெசியு, பஸ்ஸில் போகிறோம்" என்றாள்.

"பஸ்ஸிலோ? எத்தனை மலை இருக்கிறது!"

"மலைக்குள்ளால்தான் பஸ் போகும். காலை ரயில் இங்கிருந்து வெளிக்கிட்டுவிட்டது. ஆனால் அது பிந்தி வெளிக்கிட்டது. போகப்போக இன்னும் பிந்தும். உஜித்சே என்ற ஊருக்கு பஸ்ஸில் போனால் அங்கே அதைப் பிடிக்கலாம்."

ரயிலைப் பேருந்தில் துரத்திப் பிடிப்பதா? இந்தக் கணக்கு சரிவராது என்றுதான் நினைத்தேன். சரிவராது என்பதால்தான் சம்மதித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

பேருந்து நகரைத் தாண்டியதும் சோளவயல்கள் வந்தன. பிறகு வீதியோரம் தர்ப்பூசணி விற்கும் ஆட்கள். பிறகு மலை. சாரதி பாட்டைச் சத்தமாக வைத்திருந்தார். எல்லாருடைய யன்னலும் பூட்டியிருந்தது. காற்றுப் பட்டால் கழுத்துப் பிடிக்கும் என்று அந்த ஊரவர்கள் பயப்படுகிறார்களாம். வேர்வையில் தாலிப் பை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. மனைவி தொலைபேசியில் வந்தாள்.

"எங்கை நிக்கிறியள்?"

"ஒரு மலையிலை."

"எந்த மலை?"

"எனக்கெப்படித் தெரியும்? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"அவவிட்டைக் குடுங்கோ."

கொடுத்தேன். அவர்கள் இருவரும் பிரெஞ்சும் தமிழும் கலந்து நெடுநேரம் கதைத்தார்கள். "ஓம் மாமி, ஓம் மாமி" என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. என் மனைவி மாமியாகி எவ்வளவு காலம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

உஜித்சேயில் இறங்கினால், ரயில் நிலையம் கண்ணுக்கு முன்னே. ரயில் நின்றுகொண்டிருந்தது. மேடையில் ஆட்கள் தக்காளி தின்றுகொண்டும் சிகரெட் பிடித்துக்கொண்டும் நின்றார்கள். நாங்கள் துரத்திய ரயிலேதான். நிலைய வாசலில் ஊழியப் பெண் ஒருத்தி பச்சைக்கொடியைச் சுருட்டியபடி நிற்க, கல்யாணப் பெண் என் பெட்டியையும் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். நான் மெதுவாக வந்தேன். முழங்கால் நோகிறது என்று சொன்னேன். முழங்கால் நோகத்தான் செய்தது. ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

அவள் நின்றாள். என் பக்கம் திரும்பினாள்.

"மெசியு, விமான நிலையத்தில் உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் சந்தோஷப்பட்டீர்கள்."

நான் ரயில் பக்கம் பார்த்தேன்.

"வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே, என் முகத்துக்கு நேரே. நான் அழமாட்டேன். அப்பாவுக்கும் நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் பிந்திப்போய் எங்களை முடிக்காதீர்கள். அது படித்த மனிதருக்கு அழகில்லை."

அவள் குரலை உயர்த்தவில்லை. கொடி பிடித்த பெண் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கொடியை உயர்த்தவில்லை. ரயிலே என் பதிலுக்காக நிற்பது போலிருந்தது. எத்தனையோ வீடுகளில் தீர்ப்புச் சொன்ன வாய் இது. ஒருவர்கூட என்னிடம் இப்படி நேராகக் கேட்டதில்லை. அவளுடைய நெற்றியில் வேர்வை வழிந்தது. ஒரு கையில் தன் பெட்டி, மறுகையில் என் பெட்டி, தோளில் என் மனைவி கொடுத்துவிட்ட கூறைச்சேலைப் பை. மூன்றையும் சுமந்துகொண்டு, தன்னை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு வாய்ப்புத் தருகிறாள்.

"பெட்டியைத் தாரும்" என்றேன். "ஓடுவோம்."

ஓடினோம். வேட்டியை மடித்துக் கட்டாத குறையாக ஓடினேன். கடைசிப் பெட்டியின் படியில் ஒருவர் கை நீட்டி என்னைத் தூக்கினார். அந்த நிமிடத்திலிருந்து நான் பிந்த விரும்பவில்லை. மனம் மாறுவதற்குக் காலம் வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு ஒரு மேடையின் நீளம் போதுமாக இருந்தது.

அந்த ரயில் மலைக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்தது. சுரங்கம் முடிந்தால் பாலம், பாலம் முடிந்தால் சுரங்கம். இருட்டும் வெயிலும் மாறிமாறி முகத்தில் அடித்தன. கீழே பச்சைநிற ஆறு. பெட்டியில் இருந்த ஒரு பெரியவர் போத்தலைத் திறந்து எனக்கு ஒரு மிடறு ஊற்றினார். பிளம்ஸ் பழத்தில் வடித்த சாராயம். கல்யாணத்துக்கு முன் தொடமாட்டேன் என்றேன். அவள் மொழிபெயர்த்ததும் அவர் எழுந்து நின்று என் பங்கையும் சேர்த்துக் குடித்தார்.

பிரியெபோலியே என்ற ஊருக்கு அருகில் ரயில் நின்றது. எஞ்சின் செத்துவிட்டது. அந்த ஊரவர்கள் யாரும் பதறவில்லை. இறங்கிப் புல்லில் உட்கார்ந்தார்கள். எஞ்சினைப் போய் உதைக்க வேண்டும் போல் எனக்குத்தான் இருந்தது. அன்று காலைவரை கல்யாணம் நடக்கக் கூடாது என்று இருந்தவன் நான்!

"இறங்குவோம்" என்று முதலில் சொன்னவன் நானே. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தண்டவாளத்தோரம் நடந்து வீதிக்கு ஏறினோம். வீதியில் வந்த ஒரு சிறிய பேருந்துக்கு நான் கையைக் காட்டினேன். எல்லை தாண்டி மொண்டினீக்ரோவுக்குப் போகிற வண்டி. ஆனால் கொஞ்சத் தூரத்தில் சாரதி ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்திவிட்டு சூப் கேட்டார்.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"சூப் முடியும் நேரம்" என்றாள் அவள்.

சூப்புக்குப் பிறகு இறைச்சி வரும்போல் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. லா சப்பலில் வாங்கி வந்த மரக்கறி றோல்ஸ் பெட்டியைத் திறந்து அவருக்கு முன் வைத்தேன். ஒன்றைக் கடித்தார். கண்ணில் நீர் வந்தது, உறைப்பு. இன்னொன்றை எடுத்தார். சூப் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"ஓட்டிக்கொண்டே சாப்பிடலாமா என்று கேட்கிறார்."

"பெட்டி முழுக்க அவருக்குத்தான் என்று சொல்லும்."

இப்படியாக ஒரு கையில் றோல்ஸும் மறுகையில் ஸ்ரியறிங்குமாக அவர் எங்களை எல்லைக்குக் கொண்டுபோனார். எல்லை நெருங்கியதும் வண்டிக்குள் ஒரு சலசலப்பு. பெண்கள் சுங்கத்துக்குப் பயந்து கோப்பிப் பொதிகளைப் பைகளின் அடியில் தள்ளினார்கள். அவள் என் நெஞ்சைப் பார்த்தாள்.

"மெசியு, அது எங்கே?"

தொட்டுக் காட்டினேன்.

"அதன் பற்றுச்சீட்டு?"

"மாமியிடம்." வாய் தவறி வந்துவிட்டது. அவளுடைய மாமி என்று என் வாயாலேயே சொன்னேன். அவள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"பையில் சுற்றி, ஊசி குத்தி, சட்டைக்குள் வைத்திருந்தால் ஒளித்து வைத்ததாக நினைப்பார்கள். இறக்கி விசாரிப்பார்கள். விடிந்துவிடும். கழுத்தில் போட்டிருந்தால் மறைக்க ஒன்றுமில்லை. நான் போடட்டுமா?"

"ஐயோ, வேண்டாம்!" மகன் கட்டுவதற்கு முன் அது பெண்ணின் கழுத்தில் ஏறக் கூடாது. அதை அவளும் அறிவாள். கேட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் எங்கள் இரண்டு கழுத்துகள்தான் இருந்தன.

இது இரண்டாவது விடயம். நான், மாஸ்ரர், முறை தவறக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொன்ன மனிதன், என் மருமகளின் தாலிக்கொடியை என் கழுத்தில் போட்டேன். கொக்கி எனக்குப் பிடிபடவில்லை. அவள் பின்னால் இருந்து மாட்டிவிட்டாள். சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டாள். முன் ஆசனத்துக் கிழவி திரும்பிப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

அதிகாரி ஏறினார். ஒவ்வொருவரின் கடவுச்சீட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் என் முன்னால் நின்றார். என் முகத்தைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார். ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லத் தொடங்கினாள், நீளமாகச் சொன்னாள். நடுவில் ஒரு சொல்லின்போது என் தோளில் கையை வைத்தாள். முதலில் கிழவி சிரித்தாள். பிறகு வண்டி முழுக்கச் சிரித்தது. அதிகாரி தொப்பியைக் கழற்றி, கடவுச்சீட்டை என் கையில் தந்து, கையைக் குலுக்கிவிட்டு இறங்கினார்.

"என்ன சொன்னீர்?"

"உண்மையை. நாளைக்கு எனக்குக் கட்டப்போகும் நகை இது, அதுவரை என் கணவரின் தகப்பன் இதைக் காவல் காக்கிறார் என்று."

"பிறகு ஏன் சிரித்தார்கள்?"

"காவல் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றார் அதிகாரி."

அதோடு அது பயணிகள் வண்டியாக இல்லாமல் போய்விட்டது. கிழவி தன் பையிலிருந்து ஒரு புதுத் துவாயை எடுத்து, சாரதியின் பக்கக் கண்ணாடியில் கட்டச் சொன்னாள். அவர்களுடைய கல்யாண வண்டிகளில் அப்படிக் கட்டுவது வழக்கமாம். வண்டி பியெலோ போலியே என்ற ஊரோடு நிற்க வேண்டியது. அங்கே இறங்க வேண்டியவர்களில் பாதிப்பேர் இறங்கவில்லை. சாரதி கடைசி றோல்ஸை வாயில் வைத்துக்கொண்டு கொலாஷின் வரை ஹோன் அடித்தபடி ஓட்டினார். எதிரே வந்த லொறிகளும் திருப்பி ஹோன் அடித்தன. துவாய் காற்றில் படபடத்தது. நான் முன் ஆசனத்தில், கழுத்தில் தாலியோடு, நிமிர்ந்து இருந்தேன். அப்படி நிமிர்ந்து நான் எந்தக் கல்யாணத்துக்கும் போனதில்லை.

பொழுது படும் நேரத்தில் பெண் வீட்டு வாசலுக்கு வந்தோம். நான் சட்டைப் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டேன். வாழை இல்லாத ஊர் என்பதால் மனைவி தேவதாரு மரக்கொப்புகளை வாசலில் கட்டியிருந்தாள். ஹோன் சத்தம் கேட்டு மகன் ஓடிவர, மனைவி உள்ளே கத்துவது வீதிவரை கேட்டது.

"அவனைப் பிடியுங்கோ! அறைக்குள்ளை விட்டுப் பூட்டுங்கோ! பெண்ணைப் பார்க்கப்போறான்!"

"அம்மா, விசரே உங்களுக்கு?" என்ற குரல் ஒரு கதவுக்குப் பின்னால் அடங்கியது.

பெண்ணின் தகப்பன் ஊன்றுகோல்களில் நின்றபடியே என்னைக் கட்டிப்பிடித்தார். சட்டைக்குள் தாலி அவர் நெஞ்சில் குத்தியிருக்க வேண்டும். ஒன்றும் கேட்கவில்லை. மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, இந்த வெக்கையிலை கழுத்துவரை பூட்டியிருக்கிறியள்?"

"இங்கை காற்றுப் பட்டால் கழுத்துப் பிடிக்குமாம்."

அன்றிரவு யாரும் காணாமல் கழற்றி, பட்டுப்பைக்குள் வைத்து மனைவியிடம் கொடுத்தேன். அடுத்தநாள் காலையில் தாலி தேங்காயின் மேல், தட்டில் இருந்தது. எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பதற்காக அதைச் சபையில் கொண்டுவந்தார்கள். கொலாஷின்காரர்கள் ஒருவர் தவறாமல் தொட்டார்கள். பேருந்துக் கிழவியும் சாரதியும்கூட வந்திருந்தார்கள், அவர்களும் தொட்டார்கள். சாரதி என்னைப் பார்த்துத் தன் கழுத்தைத் தடவிக் காட்டினார். தட்டு என்னிடம் வந்தபோது, எனக்குத் தெரிந்த எல்லா ஆசிகளும் மறந்துபோயின. நான் அதைத் தொட்டு, என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்டேன். தாலியிடமா, அவளிடமா என்று இப்போதும் தெளிவில்லை.

மனைவி கைத்தொலைபேசியில் கெட்டிமேளத்தைப் போட, மகன் கட்டினான். முகூர்த்தம் தப்பவில்லை.

மனைவிக்கும் ஐயருக்கும் இதை நான் சொல்லவில்லை, இப்போது எழுதியாயிற்று. என் மகன் பாரிஸில் பிறந்தவன்; தமிழ் பேசுவான், வாசிக்க வராது. மருமகள் சனிக்கிழமை வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். விமான நிலையத்தில் தகப்பன் எப்படி நின்றான் என்பதை அவனுக்கு அவளே வாசித்துக் காட்டட்டும்.

அன்று தாலி கட்டியதும் அவர்கள் இருவரும் என் காலில் விழுந்தார்கள். நான் குனிந்து அவளைத் தூக்கினேன். எல்லோருக்கும் கேட்கும்படி, தமிழில், "இனி மெசியு எண்டு கூப்பிடக் கூடாது" என்றேன். மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள்.

மருமகள் தன் கழுத்தில் கிடந்த கொடியை ஒருமுறை நேராக்கிக்கொண்டு, என் காதருகே வந்தாள்.

"சரி மாமா. ஆனால் உங்கடை கழுத்திலைதான் வடிவாய் இருந்தது."